சரியான கூட்டத்துக்கு வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய உங்கள் அனைவருக்கும்,

இம்மடலில் உங்களில் எவருடைய பெயரும் இல்லை. என் பெயரும் இல்லை. பெயரை மறைத்துக்கொண்டு நன்றி சொல்வது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவாகப் படக்கூடும் என்பதை அறிவேன். ஆயினும், குடியிலிருந்து மீள முயல்வோர் கூடும் கூட்டத்தில் கண்டவரையும் கேட்டதையும் வெளியே கொண்டு செல்வதில்லை என்ற ஒழுங்கை நம்பித்தான் நான் அங்கே வாய் திறந்தேன் என்பதால், நன்றியின் பேரிலும் அதை மீற மனம் வரவில்லை. யாரைக் குறிப்பிடுகிறேன் என்பது உரியவர்களுக்கு விளங்கும்.

முதலில், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பணியாற்றும் வைத்தியருக்கும் தாதியருக்கும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவன் திடீரென நிறுத்தினால் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கி, வீட்டில் பூட்டி வைத்துப் பார்ப்போம் என்றிருந்த என் உறவினரைத் தடுத்து, என்னை விடுதியில் வைத்து மருந்தும் தயமின் என்ற விற்றமினும் தந்து அந்த நாட்களைக் கடத்திவிட்டவர்கள் அவர்கள். வீடு திரும்புமுன், வாரந்தோறும் கூடும் குழு ஒன்றின் இடத்தையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தந்தார்கள்.

அந்தக் குழு எங்கள் ஊருக்கு அருகே ஒரு வாசிகசாலையில் கூடியது. நல்ல மனிதர்கள், ஆனால் அவர்கள் அனைவரையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் மனைவி வழியில் நெருங்கிய உறவு, இன்னொருவரின் வயலைத்தான் நான் குத்தகைக்குச் செய்கிறேன், தேநீர் கொண்டு வருபவர் என் மகளுக்குப் படிப்பித்தவர். அவர்கள் முன்னிலையில் நெல் விலையைப் பற்றிக் கதைக்க முடிந்த எனக்கு, மனதில் கிடந்ததைச் சொல்ல நா எழவில்லை.

இதைக் கவனித்த குழுப் பொறுப்பாளர் அண்ணைக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. வந்தவனை விடாமல் வைத்துக்கொள்ளவே எந்தச் சங்கமும் விரும்பும். அவரோ ஒரு மாலை எங்கள் படலைக்கு வந்து, "தம்பி, நீர் வந்து இருக்கிறீர், ஆனால் ஒண்டும் கதைக்கிறீர் இல்லை. கிளிநொச்சியில ஒரு கூட்டம் நடக்குது, அங்க உம்மை ஒருத்தருக்கும் தெரியாது. போய்ப் பாரும், சரிவராட்டி வேற இடம் பாப்பம்" என்றார். அங்குள்ளவரோடு தொலைபேசியில் கதைத்து ஒழுங்கு செய்ததோடு, முதல் நாள் என்னோடு பேருந்திலும் வந்தார். தன் குழுவில் ஓர் ஆள் குறைவதைப் பொருட்படுத்தாத அந்தப் பெருந்தன்மைக்காகவே இம்மடலை எழுதத் தொடங்கினேன் என்று சொன்னாலும் தவறில்லை.

கிளிநொச்சிக் குழு பின்பற்றும், குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகள், 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்கு வணிகர் ஒருவரும் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரும் குடியை விடுவதற்கு ஒருவருக்கொருவர் துணை நின்றதிலிருந்து வளர்ந்த ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்) இயக்கத்துக்கு உரியவை. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. திறந்த கூட்டத்துக்கு எவரும் வரலாம், மூடிய கூட்டம் குடியிலிருந்து மீள விரும்புவோருக்கு மட்டுமே என்பதை முன்கூட்டியே சொல்லி, முதல் முறை மனைவியையும் அழைத்து வரச் சொன்ன, அக்குழுவிலுள்ள அம்மா ஒருவருக்கு நன்றி. படிகளில் கடவுள் என்ற சொல் வருவதும், கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடப்பதும், பிள்ளையார் கோயில் உபயகாரனான எனக்கு நெருடலாகவே இருந்தன. நாம் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவர் ஒரு கத்தோலிக்கர்.

அங்கே எவரும் நான் ஏன் குடித்தேன் என்று கேட்கவில்லை. 2009க்குப் பின் வன்னியில் காரணம் கேட்கப் புகுந்தால் யாரிடம்தான் குறைவாக இருக்கும்? இன்றைய நாள் எப்படிப் போனது என்று மட்டுமே கேட்டார்கள். காணாமற்போன என் தம்பியைப் பற்றி நானாகக் கதைத்த அன்று, தங்கள் இழப்புகளை அதனோடு ஒப்பிடாமல், இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிறுபோகத்தில் கூட்ட நாளன்று வந்த என் நீர் முறையை மாற்றித் தந்த கமக்காரர் அமைப்பினருக்கும், சைக்கிளை நிறுத்த இடம் தந்து எங்கே போகிறேன் என்று ஒருநாளும் கேளாத சந்திக் கடைக்காரருக்கும் நன்றி. முன்சொன்ன பங்கு வணிகரின் மனைவி லோயிஸ் வில்சன் முதலானோர் 1951இல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனொன் அமைப்பைத் தொடங்கியதைக் கேட்டறிந்த என் மனைவி, இப்போது வேறு சில பெண்களோடு தனியே கூடுகிறார்; கட்டடத்தின் திறப்பைத் தந்துதவும் மாதர் சங்கத் தலைவிக்கு அவர் சார்பிலும் நன்றி.

நான் வாசிகசாலைக் குழுவை விட்டு வந்ததைக் குறையாகக் கதைத்தவர்களும் உண்டு. அக்குழு செவ்வனே நடக்கிறது, அங்கேயே தேறியவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. முதல் நாள் தனியே போகத் தயங்கும் எவரும் மனநலக் கிளினிக்கில் சொல்லி வைத்தால் செய்தி எனக்கு வந்து சேரும். பரந்தன் வீதியால் போகும் பேருந்தில் நானும் கூட வருவேன்.

நன்றியுடன்,
குழு உறுப்பினன் ஒருவன்,
வன்னி.