"கவனயீனம்" என்று எழுதினால் விசாரணை முடிந்துவிடுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஓடுபாதை விபத்துகள் பற்றிய கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில் எல்லாவற்றுக்கும் காரணம் கோபுரத்திலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களின் கவனயீனமே என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். நாடு நாடாக நிபுணர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது வீண்தான் போலும்.

நீங்கள் சொன்ன ஹனேடாவையே எடுப்போம். 2024 ஜனவரி 2, டோக்கியோ. கரையோரக் காவல்படையின் சிறிய விமானத்துக்குக் கோபுரம் கொடுத்த உத்தரவு, சி-5 என்ற நிறுத்துமிடம் வரை செல், நீ "நம்பர் வன்" என்பது. புறப்படும் வரிசையில் முதலாவது என்பதே அதன் பொருள். விமானி அதை ஓடுபாதைக்குள் நுழையும் அனுமதியாக எடுத்துக்கொண்டார். நுழைந்து சுமார் 40 விநாடி அங்கேயே நின்றார். தரையிறங்கும் ஜெட் ஒரு விநாடியில் 70 மீற்றர் கடக்கும். ஆக, அவர் நுழைந்தபோதே, இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மூன்று கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. கோபுரத்துத் திரையில் எச்சரிக்கை நிறம் மாறியது, ஆனால் மணி அடிக்கவில்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற விதியும் இல்லை. சி-5இன் சிவப்புத் தடைவிளக்குகள் திருத்த வேலைக்காக அணைக்கப்பட்டிருந்தன. இரண்டும் மோதின. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள்; சிறியதில் ஆறு பேரில் ஐவர் மாண்டார்கள். சில நாட்களுக்குள் அந்நாட்டு அமைச்சு அந்தத் திரையை மட்டும் பார்ப்பதற்கென்று ஆள் போட்டது. ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

லொஸ் ஏஞ்சலிஸ், 1991 பெப்ரவரி 1. இதில் கட்டுப்பாட்டாளர் மறந்தது உண்மைதான். சிறிய விமானமொன்றை ஓடுபாதையில் நிறுத்திவைத்தார். வேறொரு விமானத்தின் விவரம் எழுதிய காகிதத் துண்டைக் காணாமல் தேடிய குழப்பத்தில் அதே பாதையில் இன்னொன்றை இறங்கச் சொன்னார். இரண்டும் மோதி 35 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் நிற்பதைத் திரையில் காட்டும் தரை ராடார் அன்று வேலை செய்யவில்லை. அமெரிக்க விசாரணைச் சபை முதல் குற்றவாளியாகச் சொன்னது அந்தப் பெண் கட்டுப்பாட்டாளரை அல்ல, ஒருவர் மறந்தாலும் இன்னொரு ஏற்பாடு பிடித்துக்கொள்ளும்படி வைக்காத நிர்வாகத்தை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மூரில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

அந்த "இன்னொரு ஏற்பாடு" என்ன என்று உங்கள் கட்டுரை கேட்கவேயில்லை. ஓடுபாதையில் விமானமோ வாகனமோ இருக்கும்போது, கோபுரத்து மேசையில் அந்தப் பாதைக்குரிய இடத்தை ஒரு சிவப்புக் கட்டையால் மறித்துவைப்பார்கள். அதை எடுக்காமல் அடுத்தவருக்கு அனுமதி கொடுக்க கை வராது. பாதையைக் கண்ணால் ஒருமுறை முழுவதும் பார்த்த பிறகே அனுமதி சொல்லவேண்டும். நிறுத்துக் கோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால், வாயால் அனுமதி கிடைத்திருந்தாலும் விமானி கடக்கக் கூடாது. உத்தரவை ஓடுபாதை எண்ணோடு திருப்பிச் சொல்லவேண்டும், சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்கவேண்டும். கேட்காமல் விடுவதுதான் அடிக்கடி நடப்பது. அடுத்த விமானத்துடன் பேசத் தொடங்கியிருப்பார். ஆட்குறைவால் விமானங்களைத் தரையில் நகர்த்தும் வேலையையும் ஓடுபாதை அனுமதி கொடுக்கும் வேலையையும் ஒருவர் தலையில் கட்டும் இரவுகளில் இது இன்னும் மோசம். 1977 மார்ச் 27 ஸ்பெயினின் டெனரிப் தீவில் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் போனபோதும், கோபுரத்தின் "காத்திரு" என்ற பேச்சும் மற்ற விமானத்தின் பேச்சும் ஒரே விநாடியில் மோதி, கே.எல்.எம். விமானியின் காதில் வெறும் கீச்சொலியாக விழுந்தன. அதன் பிறகுதான் "டேக் ஓப்" என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதிக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயில் போகிறது. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் இரண்டு ரயில் நேருக்கு நேர் வராதது ஸ்டேஷன் மாஸ்டரின் ஞாபகசக்தியாலா? டெப்லட் கருவியால். டெப்லட் என்பது ஒரு தகடு; அது கையில் இல்லாமல் ரயில் சாரதி அந்தப் பாதைக்குள் போகக் கூடாது. கொட்டகலைக்காரர் தன் பக்கத்துக் கருவியை அழுத்தினால்தான் ஹட்டனில் டெப்லட் வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு கருவியும் பூட்டிக்கொள்ளும். மறதி வரும் என்று ஒப்புக்கொண்டு செய்த பொறி அது, அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில். ஓடுபாதைக்கு அப்படிக் கையில் பிடிக்கும் பூட்டு இல்லை. கட்டையும் விளக்கும் திரையும்தான் அதன் இடத்தில் நிற்கின்றன. அவை பழுதாகிக் கிடக்கும்போது, மனிதன் மறந்தான் என்று எழுதுவது சுலபம்.

உங்களுக்கு இந்தச் சுலபம் பழகிப்போனது. கொத்மலை கெரண்டிஎல்லவில் 2025 மே 11 பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாளே சாரதியைப் பற்றி முழுப் பத்தி. ஆசனங்களை மிஞ்சி எத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள், அந்த வளைவில் தடுப்பு இருந்ததா என்பதற்கு இரண்டு வரி. லயனில் தீப்பிடித்தால் "மின் ஒழுக்கு", மண்மேடு சரிந்தால் "சீரற்ற காலநிலை". அச்சுக்கோப்பவர் இந்தச் சொற்களைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறாரோ என்னவோ.

1978 நவம்பர் 15 இரவு கட்டுநாயக்கவில் ஓடுபாதையை எட்டாமல் தென்னந்தோட்டத்தில் விழுந்த ஐஸ்லாந்து விமானம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 183 பேர் இறந்தார்கள். இங்குள்ள விசாரணை விமானிகளைச் சொன்னது, ஐஸ்லாந்துத் தரப்பு தரைக் கருவிகளையும் கட்டுப்பாட்டையும் சொன்னது. நம் சொந்த ஓடுபாதைக்கு அருகே நடந்த இந்த வழக்குக்கு முழுப்பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை இப்படி எழுதும்போது தரை ராடார் வேலை செய்ததா, தடைவிளக்கு எரிந்ததா, கோபுரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற மூன்றையும் விசாரித்துப் போடுங்கள். இன்னொன்று. 1974 டிசம்பர் 4 இரவு, கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டோம் என்று எண்ணி உயரம் குறைத்த டி.சி.-8 விமானம் மஸ்கெலியாவில் மோதியது. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களும் பணியாளர்களுமாக 191 பேர் மாண்டார்கள். அது மோதியது ஏழு கன்னியர் மலையில். சிவனொளிபாதமலையில் என்று வருடாவருடம் போடுகிறீர்கள். வரும் டிசம்பரிலாவது மலையின் பெயரைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஹட்டன்.