50,000 என்று அச்சடித்துவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் கைத்தொலைபேசி பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் அதை வாங்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. அதே வாரம் எங்கள் ஒழுங்கைக்குள் கூரியர்காரர் கொண்டுவந்து இறக்கியவை வேறு: 50,000 என்று எழுதிய பவர் பேங்க், இரண்டு டெராபைட் பென் டிரைவ், தண்ணீர் புகாது என்ற கைத்தொலைபேசி. எல்லாம் முகநூலில் பாதி விலை, கால் விலை என்று கண்டு வாங்கியவை. இவற்றைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. பக்கத்தின் அடியில் ஒரு விளம்பரம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். தராசும் பதிவேடும் பழகிய கை என்பதால், அயலில் யாராவது ஏமாந்தால் முறைப்பாடு எழுதித் தரும்படி என்னிடம் வருகிறார்கள். மின்னணு விவரம் கேட்க, மத்திய வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் என் பெறாமகன் இருக்கிறான். நாங்கள் இருவரும் பார்த்த வரையில் இந்த மலிவுச் சாமான்களின் பொய் முழுவதும் எண்ணில்தான் இருக்கிறது. பொருளைச் செய்யக் காசு வேண்டும்; எண்ணை அச்சடிக்க மை போதும்.

பவர் பேங்கையே எடுத்துக்கொள்வோம். மின்வெட்டு எங்களுக்குப் புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்கூட மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. புயல் இல்லாத மாரியிலும் ஏதாவது ஒரு முருங்கை முறிந்து கம்பியில் விழும். கட்டாரில் இருக்கும் மகனோடு இரவில் பேச வேண்டிய தாய்க்குப் பவர் பேங்க் ஆடம்பரப் பொருள் அல்ல. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா 1,990 ரூபாவுக்கு ஒன்று வாங்கினார். 50,000 மில்லியம்பியர் மணி (மின்கலம் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று பெட்டியில் பொன் எழுத்தில் இருந்தது. அது அவருடைய தொலைபேசியை ஒரு தடவை நிரப்பிவிட்டு, இரண்டாம் தடவை பாதியில் கண்ணை மூடிவிட்டது.

இதை உடைத்துப் பார்க்கத் தேவையில்லை, பெருக்கத் தெரிந்தால் போதும். உள்ளே இருக்கும் லித்தியம் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். பெட்டியில் பெரிதாக எழுதுகிற எண் அந்த 3.7 வோல்ட்டுக்கு உரியது. வெளியே வழக்கமாக வருவதோ 5 வோல்ட். ஆகவே நேர்மையான 20,000கூட வெளியே வரும்போது 14,800 ஆகிவிடும். மின்னழுத்தத்தை மாற்றுகையில் வெப்பமாகப் போவதையும் கழித்தால் 12,000, 13,000 மிஞ்சும். நல்ல நிறுவனங்கள் இந்தச் சிறிய எண்ணையும் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகின்றன. 5,000 மின்கலமுள்ள தொலைபேசியை 20,000 நான்கு தடவை நிரப்ப வேண்டும் என்று சண்டைக்குப் போகிறவர்கள் மூன்றோடு அமைதியடையலாம். அங்கே விற்றவர் மீது குற்றமில்லை.

குற்றம் எங்கே என்பதைத் தராசு சொல்லும். பவர் பேங்குகளில் வைக்கும் உருளைக் கலம் ஒன்று 45 முதல் 50 கிராம் வரை நிறுக்கும். அந்த அளவில் நல்ல கலம் கொள்வது 3,500. எனவே 20,000 என்றால் ஆறு கலம் வேண்டும்; கலம் மட்டுமே 270 கிராம். கூட்டையும் சுற்றுப் பலகையையும் சேர்த்தால் 300 கிராம் தாண்டும். 50,000 என்றால் பதினைந்து கலம், முக்கால் கிலோ. தட்டைக் கலம் வைத்தாலும் பெரிதாகக் குறையாது. அக்காவின் பவர் பேங்கை என் சமையலறைத் தராசில் வைத்தேன். 190 கிராம். பெறாமகனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, தன் கடைக்கு வந்த இன்னொன்றைக் காட்டினான். அது நல்ல பாரம். திறந்தால் உள்ளே ஒரே ஒரு கலமும், பாரத்துக்கு ஓர் இரும்புத் துண்டும். ஆகவே நிறை குறைந்தால் பொய் என்பது நிச்சயம். நிறை சரியாக இருப்பதால் மட்டும் மெய் என்று நம்பிவிட முடியாது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோகலாம். அதுவும் அதில் சேரும் ஆற்றல் 100 வாட் மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160ஐத் தாண்டினால் அனுமதியே கிடையாது. 50,000ஐ 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 185 வாட் மணி. உள்ளே ஒற்றைக் கலம்தான் இருக்கிறது என்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யாரிடம் விளக்குவது? பாதுகாப்பு அதிகாரி மேலே அச்சடித்த எண்ணைத்தான் வாசிப்பார். விற்றவன் சொன்ன பொய்க்கு வாங்கியவரிடமிருந்து பறிமுதல்.

பென் டிரைவ் விவகாரம் இதைவிட மோசம். அதன் உள்ளே கணினியோடு பேசுகிற சிறு சில்லு ஒன்று இருக்கிறது. உண்மையில் 32 ஜிகாபைட் மட்டுமே உள்ளதை, 2 டெராபைட் இருப்பதாகச் சொல்லும்படி அந்தச் சில்லை மாற்றிவிடுகிறார்கள். கணினியும் நம்பிவிடுகிறது. படங்களைப் போடுகிறீர்கள்; பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன. 32 நிரம்பிய பிறகு போட்டவை எங்கும் பதிவாவதில்லை, அல்லது பழையவற்றின் மேல் எழுதப்படுகின்றன. பாலையூற்றில் ஒரு குடும்பம் மகளின் கலியாணப் படங்களை இப்படி ஒன்றில் போட்டுவிட்டு, தொலைபேசியிலிருந்தும் அழித்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது இடம் முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்க்கும். புதிதாக வாங்கிய எதையும் ஒரு நாள் அந்த வேலையில் போட்டுவிட்டுப் பிறகு பாவிப்பது நல்லது. ஆனால் வியாபாரிக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டெராபைட் என்று வாங்கியது கணினியில் 931 ஜிகாபைட் என்று காட்டினால் அது திருட்டு அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது. இதற்காகக் கடையில் சத்தம் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தண்ணீர் புகாத தொலைபேசியைப் பற்றித் திருக்கடலூர்க் கடற்றொழிலாளர் வாசிக்கும்படி எங்காவது ஒரு பத்திரிகை எழுத வேண்டும். தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறி ஐபி67; அதில் 6 தூசுக்கு, 7 தண்ணீருக்கு. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. உப்புத் தண்ணீர் சார்ஜ் செய்யும் துவாரத்தை அரிக்கும். பசையும் ரப்பரும் நாள்பட இளகும். படகில் ஒரு பருவம் போய்வந்த தொலைபேசிக்கு பெட்டியில் போட்ட எண் பொருந்தாது. இது பேர்பெற்ற நிறுவனங்களின் தொலைபேசிகளுக்கே. முகநூல் தொலைபேசியில் அந்த எண்ணும் இல்லை, 'வோட்டர் புரூஃப்' என்ற சொல் மட்டும்தான்.

மடிக்கணினியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. அதன் பிறகு பழைய மடிக்கணினிகள் 'கோர் ஐ5, அருமையான நிலை' என்று மலிவு விலைக்கு வருகின்றன. ஐ5 என்பது உள்ளே இருக்கும் இன்டெல் செயலியின் வகைப் பெயர்; அது மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேட்க வேண்டும். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6300 என்றால் ஆறாம் தலைமுறை. இன்டெலில் பொதுவாக எட்டுக்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குக் கடன் எடுத்து வாங்குகிறவர்கள் இந்த ஓர் எண்ணையாவது கேட்கட்டும்.

இனி என் தொழிலுக்குள் வருகிறேன். 'கேஷ் ஒன் டெலிவரிதானே, பொருள் வந்தால்தானே காசு' என்று எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள். வருவது பொருள் அல்ல, பெட்டி. காசு கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்று கூரியர்காரர் சொல்வார். அவர் மீது கோபித்துப் பயனில்லை, அவருக்கு அதுதான் கட்டளை. எங்கள் காலத்து வி.பி.பி. பார்சலிலும் காசு கட்டித்தான் பொதியை எடுக்க முடியும். ஆனால் அனுப்பியவரின் பெயரும் முகவரியும் தபாலகப் பதிவேட்டில் இருக்கும். வசூலித்த பணம் காசுக்கட்டளையாக அந்த முகவரிக்கே போகும். ஏமாற்றியவர் எங்கே என்று கேட்டால் பதிவேட்டைத் திறந்து காட்டலாம். இப்போது பொதியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு பக்கப் பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும்தான். அக்காவின் சீட்டில் இருந்த இலக்கம் மறுநாள் எடுக்கவில்லை. அந்த முகநூல் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டு சப்பாத்து விற்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதும் குற்றம். முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதம்தான் பலருக்குத் தெரிவதில்லை. 'மாற்றித் தருகிறோம், அடுத்த கிழமை' என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, காலம் கடந்த பிறகு என் வாசலுக்கு வருகிறார்கள். அதிகாரசபையின் இலக்கம் 1977. தொலைபேசி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் விட்டு 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று பதில் வரும். கடையில் நின்றபடியே செய்யலாம்.

பெறாமகன் கடை வைத்திருப்பதால் நான் கடைக்காரர் பக்கம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நகரத்துக் கடைகள் சிலவற்றிலும் இதே 50,000 பெட்டி கண்ணாடிக்குள் இருக்கிறது, விலை மட்டும் இரண்டு மடங்கு. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். சனம் மலிவைத் தேடிப் போவதில் என்ன பிழை? என் கோபம் வாங்குகிறவர்கள் மீது அல்ல.

அதில் ஒரு பங்கு தங்கள் மீதுதான், ஆசிரியரே. முதலில் சொன்ன விளம்பரம் ஒரு பவர் பேங்கினுடையது. 50,000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விற்பவரின் முகவரி இல்லை, வட்ஸ்அப் இலக்கம் மட்டும். மேலே அரைப்பக்கம் தொழில்நுட்பம் எழுதுகிறவர் கீழே உள்ள எண்ணைப் பெருக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? தொலைபேசி வெளியீட்டுச் செய்தி எந்த இணையத்திலும் கிடைக்கும். பெட்டியில் உள்ள எண்ணை வாசிப்பது எப்படி என்று வாரம் ஒரு பொருளை எடுத்துக் கால் பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வைப்பார்கள். விளம்பரப் பிரிவிலும் ஒரு விதி போடுங்கள்: விற்பவரின் பதிவுப் பெயரும் முகவரியும் இல்லாத மின்னணுப் பொருள் விளம்பரத்தை ஏற்பதில்லை என்று. பவர் பேங்க் என்றால் அதன் நிறையையும் கிராமில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
உப்புவெளி, திருகோணமலை.