மரத்தை வெட்டாமல் ஒரு மைதானம்

பெருநகர சென்னை மாநகராட்சிப் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். டிஸ்க் கோல்ஃப் ஆட ஓர் இடம் கேட்டு எழுதுகிறேன். கோல்ஃப் என்றதும் ஏக்கர் கணக்கில் புல்வெளி, கிளப், சந்தா என்று பயந்துவிடாதீர்கள். இதில் மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. அவ்வளவுதான்.

மகளைப் பார்க்கக் கலிஃபோர்னியா போயிருந்தபோது ஓக் குரோவ் என்ற டிஸ்க் கோல்ஃப் மைதானத்தில் ஆடினேன். டிஸ்க் கோல்ஃபின் தந்தை எனப்படும் எட் ஹெட்ரிக் 1975-இல் அமைத்த இடம். இந்த ஆட்டத்தின் முதல் நிரந்தர மைதானம் என்று கொண்டாடுகிறார்கள். எங்கு பார்த்தாலும் பெரிய பெரிய ஓக் மரங்கள். ஓரிடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் ஆட்டோ நுழையத்தான் வழி. அதற்கப்பால் கூடை. நேரே வீசினேன். டக்! மரத்தில் மோதி என் காலடிக்கே உருண்டு வந்தது தட்டு. இரண்டாவதும் அப்படியே. மகள் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். வலக்கையால் வழக்கமாக வீசும் தட்டு, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். அது அப்புறம்தான் உறைத்தது. வலப்பக்க மரத்துக்கும் வெளியே வீசினேன். வளைந்து வந்து கூடைக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. நான்காவதில் சங்கிலி சலசலத்தது. மொத்தக் கணக்கைக் கேட்காதீர்கள்.

அந்த மரங்கள் இல்லையென்றால் அங்கே ஆட்டமே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: எங்களுக்காக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம், ஒரு மேட்டையும் நிரவ வேண்டாம். வேம்பும் புங்கையும் நிற்கிற இடத்தில் நிற்கட்டும். ஒன்பது குழி தோண்டி ஒன்பது கூடைகளை நட்டால் போதும். கடற்கரைப் பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்றை எதிர்த்து எறிந்தால், இடப்பக்கம் போக வேண்டிய தட்டு வலப்பக்கம் புரண்டுவிடும். தண்ணீரை எல்லைக்கு வெளியே என்று அறிவித்துவிட்டால், அதில் விழும் தட்டுக்கு ஒரு வீச்சு அபராதம் என்பது விதி. ஆக, கார்த்திகையில் நம் ஊரில் தேங்கும் தண்ணீருக்கும் ஒரு வேலை கிடைக்கும்!

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் ஒரு பூங்காவில் ஆசை தாங்காமல் வீசிப் பார்த்தேன். வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவின் தோளை உரசிக்கொண்டு போனது தட்டு. அவர் திட்டியது நியாயம். 175 கிராம் இருக்கும், விளிம்பும் மெல்லியது, பட்டால் வலிக்கும். நடைபாதையும் குழந்தைகள் விளையாடும் இடமும் இல்லாத ஒரு மூலையைக் கேட்பது அதற்காகத்தான்.

இடம் பார்க்க யாரையாவது அனுப்புவதாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தட்டுகளோடு வந்து நிற்கிறேன். வருபவரை ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு தட்டு கொடுப்பேன்.

இப்படிக்கு,
அடையாறுவாசி ஒருவன்