இரவில் கணினிகளை அணைக்க அனுமதி கோரி மூன்றாவது மனு

பெறுநர்: கணினிப் பிரிவு அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: தரவுப் பதிவு அறைப் பணியாளர்கள்
பொருள்: கணினிகளை அணைக்கக் கூடாது என்ற உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல்
பார்வை: எங்களது முந்தைய இரு மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய இரண்டு மனுக்களுக்கும் ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. ஜன்னல் திறக்க முடியாத எங்கள் அறை தங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு வந்தபோது கதவோரம் நின்றே பேசிவிட்டுச் சென்றீர்கள். அங்குள்ள 12 கணினிகளையும் அணைத்து மறுபடி போட்டால் பாகங்கள் தேயும், புதிதாக வாங்கும் செலவு மின்கட்டணத்தை மிஞ்சும் என்பது உத்தரவில் உள்ள காரணம்.

1. ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றை 50,000 முறை நிறுத்தி ஓட்டலாம் என்று தயாரிப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். நாளுக்கு ஒருமுறை அணைத்தால் நூறு ஆண்டுக்கு மேல் வரும்.

2. சும்மா ஓடும் கணினிக்கு 60 வாட் என்று வைத்தாலும் 12க்கு 720 வாட். மாலை பூட்டிக் காலை திறக்கும்வரை 15 மணி நேரம். ஓர் இரவுக்கு 10.8 யூனிட் வீண். ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது.

3. எங்களை வாட்டுவது வெப்பம்தான். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகவே வெளிவருகிறது. பூட்டிய அறைக்குள் விடியவிடிய 720 வாட் ஹீட்டர் போட்டு வைத்த மாதிரி. காலையில் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது. அரை மணி நேரம் வெளியே நிற்கிறோம். வரிசையில் இருக்கும் மக்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள். எங்களில் ஒருவர் கர்ப்பிணி, அவரும் அங்கேதான் உட்கார வேண்டும். சரி, மனிதர்களை விடுங்கள், இயந்திரத்துக்காவது நல்லதா? கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளையில், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் என்ற பாகத்தின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஃபேனும் ஓடிய மணிக்கணக்கில்தான் தேய்கிறது. உத்தரவு வந்த பிறகு இரண்டு பவர் சப்ளை போய்விட்டன ஐயா! அணைத்து மறுபடி போடுவதில், பாகங்களைப் பலகையோடு பற்றவைத்த சாலிடர் இணைப்புகளுக்குக் கொஞ்சம் அழுத்தம் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக இரவெல்லாம் வேகவைப்பதா?

4. புதுக் கணினி கேட்கவில்லை. ஒன்றைத் தயாரிக்கவே எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அறிவோம். இருப்பதே நெடுநாள் உழைக்கட்டும் என்றுதான் அணைக்கக் கேட்கிறோம். சர்வர் ஓடட்டும். அப்டேட்டுக்கு வாரத்தில் ஓர் இரவு விட்டுவைக்கிறோம். மற்ற இரவுகளில் அணைக்க விடுங்கள்.

மீண்டும் கேட்கிறோம், அணைக்க அனுமதி தாருங்கள். முடியாது என்றால் ஒருநாள் காலை கதவு திறக்கும் நேரத்துக்கு வந்து, உள்ளே கால் மணி நேரம் எங்களோடு உட்காருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தரவுப் பதிவு அறைப் பணியாளர்கள்