மினிட்ஸில் எல்லாரையும் 'இன் அட்டெண்டன்ஸ்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பையில் நம்மவர்கள் நடத்தும் சங்கமானாலும் சரி, ஹவுசிங் சொசைட்டியானாலும் சரி, மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எழுதும் வேலை ஆங்கிலம் ஓரளவு தெரிந்த யாராவது ஒருவர் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரையும் 'இன் அட்டெண்டன்ஸ்' என்று ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், 'பிரசென்ட்' என்பதைவிட இது கௌரவமாக இருக்கிறதாம்.

விழாச் செய்தியில் அப்படி எழுதினால் தப்பே இல்லை, வந்திருந்தார்கள் என்றுதான் அர்த்தம். மினிட்ஸில் கதை வேறு. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 'பிரசென்ட்'. உறுப்பினராக இல்லாமல், வேலை நிமித்தமாகவோ அழைப்பின் பேரிலோ வந்து உட்காரும் மேனேஜர், ஆடிட்டர், வக்கீல் எல்லாம் 'இன் அட்டெண்டன்ஸ்'. கம்பெனி போர்டு கூட்டங்களுக்கு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 118-வது பிரிவு பின்பற்றச் சொல்லும் செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்ட் என்ற கூட்ட விதிமுறைப்படி, மினிட்ஸில் வந்திருந்த டைரக்டர்கள், இன் அட்டெண்டன்ஸில் இருக்கும் கம்பெனி செக்ரட்டரி, அழைப்பாளர்கள் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அந்த விதி சொசைட்டியைக் கட்டுப்படுத்தாதுதான், ஆனால் அந்தப் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு சொசைட்டியில் மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங் வேலையை ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். மினிட்ஸைப் பார்த்தால் கமிட்டி உறுப்பினர்கள், ஆர்க்கிடெக்ட், அந்தக் கான்ட்ராக்டர் எல்லாரும் ஒரே வரிசையில், யார் யார் என்ற குறிப்பே இல்லாமல். அடுத்த மழைக்கு மாடி ஒழுகி, மேல்மாடிக்காரர் தீர்மானமே செல்லாது என்று கிளம்பினார். அப்புறம் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருந்ததா, கான்ட்ராக்டரும் கை தூக்கினாரா என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியவில்லை. எழுதியவர் நல்ல மனுஷர், பாவம், எல்லார் வாயிலும் விழுந்தார்.

இன்னொன்று, அழைப்பிதழ்களில் 'அட்டெண்ட் டு தி ஃபங்ஷன்' என்று போடுகிறார்கள். அந்த 'டு' சேர்ந்தால் விழா வேலைகளைக் கவனியுங்கள் என்று ஆகிவிடும்; வரச் சொல்வதற்கு 'அட்டெண்ட் தி ஃபங்ஷன்' போதும்.

உங்கள் பத்திரிகையில் வேலை தேடுபவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதச் சொல்லித் தருவதுபோல, ஒரு மாதிரி மினிட்ஸையும் முழுசாகப் போடுங்கள். இங்கே நிறைய செயலாளர்கள் அதை வெட்டி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை