திவால் ஆவணக் கட்டைத் துடைப்பத்திடம் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆவணக் காப்பகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் வாசிப்பறையில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். மூன்று மணி நேரம் காக்கவைத்த பிறகு அந்தக் காலத்தில் சென்னையில் பாங்கு நடத்திய அர்பத்நாட் கம்பெனியின் திவால் ஆவணக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாடாவை அவிழ்த்ததுமே தாளின் ஓரமெல்லாம் அப்பளமாய் நொறுங்கித் தரையில் உதிர்ந்தது. குனிந்து ஒரு துணுக்கை எடுத்தேன். அதில் ஆங்கிலத்தில் 'விதவை' என்ற சொல்லும், பக்கத்தில் ஒரு தொகையின் பாதியும் இருந்தன. பெயர் இல்லை. அடுத்ததைப் பொறுக்குவதற்குள் துடைப்பம் வந்துவிட்டது.

கட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்றுதான் அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அன்று அந்தத் துரை கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பென்ஷன்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் வெள்ளைக்காரன் பெயரையே ஜாமீனாக நம்பிப் போட்ட பணம். லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன் ரயில் முன் விழுந்தார். இங்கே சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். மறு வருஷமே வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோர் முயற்சியில் இந்தியன் பாங்கு பிறந்தது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துரைகளின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பணம் போட்டவர்களின் பெயர் இந்த மாதிரிக் கட்டுகளில்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஒருமுறை மஞ்சள் கடுதாசி காட்டியாயிற்று. இரண்டாம் முறையும் காட்டவேண்டுமா?

அர்பத்நாட் துரையே பதினெட்டு மாதத் தண்டனைதான் பெற்றார். என் விண்ணப்பம் உங்கள் மேஜையில் இருபதாவது மாதமாக உள்ளே இருக்கிறது. ஜாமீன் உண்டா என்று தெரியவில்லை. விழா என்றால் மேடைக்கும் பொன்னாடைக்கும் ஒரே நாளில் பணம் வருகிறது. பழந்தாளுக்கு மட்டும் 'ஃபண்டு இல்லைங்க'. முப்பது வருஷம் பாங்குக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பணம் எப்போது இல்லை, எப்போது இல்லை என்று சொல்லப்படுகிறது என்பது கொஞ்சம் தெரியும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்தக் கட்டை இனி யாருக்கும் அவிழ்த்துத் தராதீர்கள், எனக்கும்தான். முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

நான் எடுத்த துணுக்கு ஒரு கவரில் பத்திரமாக இருக்கிறது. வரும் செவ்வாய் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அதற்கு ஒரு ரசீது மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாங்கு குமாஸ்தா ஒருவன்