டெல்டா வெயிலில் ஃபிளாட்டுக்கு எந்த நாய்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்ற நாய்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, சிறிய நாயாகப் பார்த்து வாங்கினால் போதும் என்கிறது. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஃபிளாட்டில் குடியேறுகிறவர்கள் இதை நம்பினால் அவதிப்படப் போவது நாய்தான். வெயில் தாங்குமா, எவ்வளவு குரைக்கும், பகலில் வீட்டில் ஆள் இருக்குமா என்று பார்த்த பிறகுதான் உருவத்தைப் பார்க்க வேண்டும்.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. அக்னி நட்சத்திரப் புழுக்கத்தில், மூச்சுப் பாதையே குறுகலாக உள்ள பக், ஷீ ட்சூ, பிரெஞ்சு புல்டாக் என்ன பாடுபடும்! அப்படியும் பக் தான் வேண்டும் என்றால் குட்டியின் மூக்கைக் கிட்டத்தில் பாருங்கள். துவாரங்கள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். கீறல் மாதிரி ஒட்டியிருந்தால் வேண்டாம். இரண்டு நிமிடம் விளையாடவிட்டு நிறுத்துங்கள். அதன் பிறகும் குறட்டைச் சத்தம் அடங்கவில்லை என்றால் அந்தக் குட்டியும் வேண்டாம். ஹஸ்கிக்கு இரட்டை அடுக்கு ரோமம். ஏசி போட்டு வளர்க்கலாம் என்பவர்கள், கோடை மத்தியானத்தில் கரண்ட் போனால் என்ன செய்வார்கள்?

எந்த இனமானாலும் கோடையில் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நடத்திக் கூட்டிப் போக வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும். ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நாய் தள்ளாடினால் சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி ஃபேன் காற்றில் வையுங்கள். உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட வேண்டாம். சற்று நேரத்தில் துண்டே சூடாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது.

நம் பக்கம் பொமரேனியன் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெயில் தாங்கும், ஆனால் லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் குரைக்கும். பீகிள் தனியாக விட்டால் ஊளையிடும். அது மூன்று மாடி தாண்டிக் கேட்கும். லேப்ரடார் 25 முதல் 35 கிலோ வரை வளர்ந்தாலும் இவற்றைவிட அமைதி. தினம் ஒரு மணி நேர நடையும் அளவுச் சாப்பாடும் இல்லாவிட்டால் கொழுத்து இடுப்பு மூட்டு கெடும். டைல்ஸ் தரை வழுக்கி அந்த மூட்டை இன்னும் பாழாக்கும் என்பதால், அது நடமாடும் வழியில் ரப்பர் பாய் விரித்துவிடுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடப் பிறந்த தென்மாவட்ட நாய்கள். ராஜபாளையமும் கோம்பையும் காவல் நாய்கள். புது ஆளை எளிதில் ஏற்காது. நல்ல இனங்கள்தான், ஆனால் இவற்றுக்குத் தோட்டமும் மதிலும் உள்ள வீடு வேண்டும்.

கட்டுரை ஒரு வரிகூட ஒதுக்காத நாட்டு நாயைத்தான் நான் முதலில் சொல்வேன். குட்டை ரோமம், நீண்ட மூக்கு, அளவான உடம்பு. வெயிலுக்குப் பழகிய பிறவி. ஒரு வயது தாண்டிய, கருத்தடை செய்த நாயாக எடுத்தால் அதன் குணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மூன்று மாதக் குட்டியால் நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தடுப்பூசிகள் முடியும் முன் தெருவில் இறக்கினால் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் வரும் ஆபத்தும் உண்டு. அதுவரை பால்கனியில் ஒரே இடத்தில் செய்தித்தாள் விரித்துப் பழக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும் அங்கே கொண்டு போய் விடுங்கள்.

இங்கே புது ஃபிளாட்டுகள் பல, வயலை ஒட்டியும் வாய்க்காலை ஒட்டியும் எழுகின்றன. எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரால் லெப்டோ காய்ச்சல் வரும். அது மனிதருக்கும் தொற்றும். குட்டிக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. குட்டிக்கு மூன்று மாத வயதானதும் போட வேண்டும். உண்ணியைக் காது மடலின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் தினமும் தேடுங்கள். அது முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, சுவர் விரிசலிலும் கதவுச் சட்ட இடுக்கிலும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒன்று. இன்ன இனம், இவ்வளவு உயரம் என்று சொல்லி வளர்ப்பு நாய்க்குத் தடை போடவோ, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இடம் கொடுக்கவில்லை.

விலைக்கு வாங்குகிறவர்கள் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயிடமிருந்து முன்னதாகப் பிரித்த குட்டிதான் பின்னால் கடிக்கும், பயப்படும், தனிமையில் கத்தும். தாயைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
கும்பகோணம்.